ஏழாம் வரைவு

முதல் வரைவில் ஒரு பச்சை இலை இருந்தது.
எடை குறைந்தால் துளிர்க்கும்,
கூடினால் வாடும்.
தாம்பெரேயின் பழைய நூற்பாலையில்
நான்காம் மாடியில் உட்கார்ந்து
அதை அழகு என்று கைதட்டினோம்.
நாங்கள் ஐந்து பேரும் ஒல்லி.

ஹில்க்கா வந்தார். ட்ராம் ஓட்டுநர்,
வயது ஐம்பத்துநான்கு.
கைப்பிடி வைத்த நாற்காலியை ஒரு முறை பார்த்தார்.
"நின்னுக்கிட்டே பேசலாமே."
பயனர் அனுபவம் படித்துப் பட்டம் வாங்கிய எங்களில்
ஒருவருக்கும் உறைக்கவில்லை.
சமையலறை பெஞ்சை ஓஸ்மோ தூக்கிவந்து போட்டது
மறு வாரம்தான்.

செயலியை அவர் போனில் ஏற்றினோம்.
ஆறு வாரம் என்று ஒப்பந்தம்.
புதன்தோறும் ஊசி, காலையில் எடை,
தட்டில் விழுவதெல்லாம் கிராமில்.

மூன்றாம் வாரம் இலை வாடியது.
சந்தையில் சுடச்சுட ரத்தத் தொத்திறைச்சி,
மேலே ஒரு கரண்டி லிங்கன்பெர்ரி கூழ்.
ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்த
அண்ணன் மகனோடு
பனியில் நின்றபடி தின்றாராம்.
செயலி கிராம் கேட்டது.
அண்ணன் மகனை எழுத
அதில் கட்டம் இல்லை.

பிறகு அவர் எதையும் பதியவில்லை.
"ஹில்க்கா, உங்களையே மறந்துட்டீங்களா?"
என்று ஒரு அறிவிப்பு போனது.
அதை எழுதியது நான்.
கடைசியில் சிரிக்கும் முகம் ஒன்றும்
வைத்திருந்தேன்.

சர்வர் குறிப்பில்தான் அது தெரிந்தது:
இரவு இரண்டு நாற்பது. திறப்பு.
பதினோரு நிமிடம். பதிவு ஏதுமில்லை. மூடல்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பத்தொன்பது இரவுகள்.
பிழை என்றான் ஓஸ்மோ.
இரண்டு நாள் பிழையைத் தேடினோம்.

அவரிடமே கேட்டோம்.
டிசம்பர்; மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டிருந்தது.
பெஞ்சில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
"பசி எழுப்பிவிடும். வயித்துப் பசிதானான்னு
எனக்கே தெரியாது.
ஃபிரிட்ஜைத் திறந்தா ஒரு வெளிச்சம்,
போனைத் திறந்தா ஒரு வெளிச்சம்.
உங்களோடதைத்தான் முதல்ல திறந்தேன்.
வாடின இலை.
பார்த்துக்கிட்டே இருந்தேன்.
அப்புறம் போய் மத்ததைத் திறந்தேன்."

குறிப்பெடுக்க வேண்டியவள் நான்.
எடுக்கவில்லை.

எடை பார்ப்பது ஒன்று,
எடை போடுவது வேறு.
பார்க்கும் கருவி செய்வதாக நினைத்துக்கொண்டு
போடும் கருவி செய்திருந்தோம்,
நல்ல பச்சையில்.

ஏழாம் வரைவில் இலை இல்லை.
முந்நூற்று நாற்பது வரி நிரலை
ஓஸ்மோ ஒரே இரவில் அழித்தான்.
இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை
திரை எதையும் கேட்காது.
கருநீலம், நடுவில் ஒரே வரி.

அந்த ஒரு வரிக்கு மூன்று வாரம்.
"நீங்கள் தனியாக இல்லை" என்று வைத்தோம்.
ஹில்க்கா சிரித்தேவிட்டார்.
"தனியாத்தானே இருக்கேன்.
ராத்திரியில பொய் சொல்லாதீங்க."
அவரே சொன்னதைத்தான் கடைசியில் போட்டோம்:
மணி இரண்டு நாற்பது. முதல் ட்ராம் ஐந்துக்கு.
கீழே ஒரு சிறு பொத்தான்.
தொட்டால் எதுவும் ஒலிக்காது;
காலை ஒன்பதுக்கு
செவிலி சினிக்கா கூப்பிடுவார்.

நிதி கொடுத்தவர்கள் கேட்டார்கள்:
இந்தத் திரையால் எத்தனை கிலோ குறையும்?
தெரியாது என்றேன்.
பக்கத்தில் இருந்தவர்
தண்ணீர் பாட்டிலை இரண்டு முறை திறந்து மூடினார்.
பாதி நிதிதான் வந்தது.

போன செவ்வாய் குறிப்பு:
இரண்டு நாற்பது. திறப்பு.
நான்கு நிமிடம். மூடல்.
அதற்குப் பிறகு எந்தக் கதவு திறந்தது,
எதுவும் திறந்ததா,
எங்களிடம் இல்லை.
கண்டுபிடிக்க வழி இருக்கிறது,
ஃபிரிட்ஜில் ஒரு சென்சார் ஒட்டினால் போதும் என்றான் ஓஸ்மோ.

வேண்டாம் என்றேன்.
மதிய ரொட்டியை எடுத்துக்கொண்டு
அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.