பந்தோபஸ்து

இரவு பதினொன்றரைக்குப் போன் வந்தது.
அங்கே ஏழு மணியாம், இன்னும் வெயிலாம்.
அவள் குரலுக்கு முன்னால் சத்தம்தான் வந்தது.
பதினாறு வருட சர்வீஸ்,
கூட்டத்தைக் காதால் எடை போடத் தெரியும் எனக்கு:
கோஷம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் பயமில்லை.
அது உதிரி உதிரியாகப் பிய்ந்து
நடுவில் யாராவது சிரித்தால்
அடுத்தது கல்.

யாரோ சிரித்தார்கள்.

"ஜன்னலை விட்டு வா" என்றேன்.
"லைட்டை அணை. கண்ணாடிப் பக்கம் நிற்காதே."
ஆயுதப்படைக் குடியிருப்பின் மொட்டை மாடியில்
கொசு அடித்தபடி
பெயர் கூட வாயில் நுழையாத ஓர் ஊரின் தெருவுக்கு
உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹெப்சிபா கிசுகிசுத்தாள்:
குதிரை வந்திருக்கு. நாயும் வந்திருக்கு.
"போலீஸ் முன்னால் வருகிறதா, பின்னால் போகிறதா?"
பின்னால்.
அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கீழ் வீட்டுப் போலந்துக்காரி
கதவில் ஒட்டியிருந்த தன் பெயரைக் கிழித்துவிட்டு
உன்னுடையதையும் எடுத்துவிடவா என்று கேட்டாளாம்.
பைபிள் பெயர்தானே, முன்பாதி இருக்கட்டும்,
பின்பாதியை மட்டும் எடு என்றாளாம் இவள்.
பின்பாதி ஏகாம்பரம்.
நான்.

பிரதமர் நிற்பாரா, யாருக்கும் தெரியவில்லை.
ஐந்து வருடம் என்ற விசா பத்தாகலாம் என்கிறார்கள்,
ஆகாது என்கிறார்கள், பார்க்கலாம் என்கிறார்கள்.
பாகாயத்தில் மனைக்குக் கொடுத்த முன்பணமும்
அந்தப் பார்க்கலாமில்தான் நிற்கிறது.

காலை எட்டுக்குக் கலெக்டர் ஆபீஸ்.
பேரணாம்பட்டு ஷூ கம்பெனிப் பெண்கள், நானூறு பேர்.
மூன்று மாதச் சம்பளம், பி.எஃப். பாக்கி.
லண்டன் ஆர்டர் நின்றுபோச்சு என்று
ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டிவிட்டார்களாம்.
வேலூர் வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.
எனக்குப் பிரம்புக் கேடயம்.
அதன் ஓட்டைகள் வழியே பார்த்தால்
எந்த முகமும் முழுதாகத் தெரியாது:
ஒரு மூக்குத்தி, பாதி வாய், டிபன் பாக்ஸ் மூடி.
அதற்காகத்தான் அப்படிப் பின்னுகிறார்களோ என்னவோ.

குல்ஜார் என்று ஒருத்தி, சங்கத்துக்காரி,
நேராக என்னிடம் வந்தாள்.
"இன்னா சார், நாங்க இன்னாத்த திருடிகினு பூட்டோம்?
இம்மாம் பேரு நிக்கிறீங்க."
கேடயத்துக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள்,
சந்தையில் முறம் வாங்குகிறவள் மாதிரி.
பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர்: "தள்ளு, முன்னே போ."

அரை அடி வைத்தேன்.
கோஷம் சேர்ந்தேதான் ஏறியது, சேர்ந்தேதான் இறங்கியது.
யாரும் சிரிக்கவில்லை.
இன்னொரு அரை அடி வைத்தேன்.
வைக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும்.
அவள் விரல் இன்னும் ஓட்டைக்குள் இருந்தது.
எடுத்தாளா, நான் பார்க்கவில்லை.
வரிசை நகர்ந்தது, நானும் வரிசைதான்.

மத்தியானம் மூன்றுக்கு அவள் பேசினாள்,
நைட் டியூட்டி முடித்து, ஆஸ்பத்திரி அனுப்பிய காரில் வீடு வந்து.
"ராத்திரி ஒரு போலீஸ்காரப் பையன் வந்தான்.
இருபத்திரண்டு வயசிருக்கும். விரல் முறிஞ்சிருந்தது.
கட்டுப் போடுறப்ப என் பேட்ஜைப் பாத்து
மெதுவா முழுப் பேரையும் படிச்சான்.
தப்பாத்தான் படிச்சான். ஆனா முழுசா."

கொஞ்ச நேரம் தட்டு கழுவும் சத்தம்.

"நீங்க கேடயத்தை எந்தக் கையில பிடிப்பீங்க?"
இடது என்றேன்.
"அவனுக்கும் அதுதான்" என்று சொல்லித்
தூங்கப் போனாள்.

சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.
குல்ஜார் விட்டது எந்தக் கை விரல் என்று
யோசித்துப் பார்த்தேன்.
ஞாபகம் வரவில்லை.