ஏழாம் தளத்தில் ஒரு மலை

பிரான்சின் வரைபடம்
எங்கள் சாப்பாட்டு மேசையைவிடப் பெரியது.
தெற்குப் பாதி மடங்கி
என் மடியில் வந்து விழுகிறது.
எங்கோ ஒரு மலைத்தொடரின் மேல்
கோப்பிக் குவளையை வைத்துவிட்டார் ஜெரோம்.
பழுப்பு வட்டத்துக்குள் இப்போது
மூன்று ஊர்கள்.

வடக்கே சான் மாலோவில் தொடக்கம்.
தெற்கே கடலோரம், செத் என்ற ஊரில் முடிவு.
பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.
ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் மிதித்துக்
கடைசியில் செத்தா?
அவர் சிரிக்கவில்லை.
நல்ல மீன் கிடைக்குமாம், என்றார்.

அவருக்கு எல்லாம் கட்டத்துக்குள் வேண்டும்.
எத்தனை மணிக்குக் கிளம்புவது,
மழை வந்தால் எங்கே ஒதுங்குவது.
பேருந்துப் பணிமனையில் பத்தொன்பது ஆண்டு
அடுத்தவர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுத்த கை.
எனக்கு ஒரே எண்தான்:
இருபத்திரண்டு நாள் விடுப்பு,
அதிலும் நான்கு
போன ஆண்டின் மிச்சம்.

இங்கே எந்தச் சாலைக்கும்
அவ்வளவு பொறுமை கிடையாது.
சாங்கி பக்கம் போனால் கடல்,
துவாஸ் பக்கம் போனால் கடல்,
வடக்கே திரும்பினால் கடப்பிதழ் கேட்பார்கள்.
கிழக்குக் கடற்கரைப் பூங்காவில்
வாடகைச் சைக்கிளில் தள்ளாடும் பிள்ளைகளுக்கு நடுவே
மணியடித்து மணியடித்தே
காய்த்துப்போனது என் கட்டைவிரல்.
முடியாமல் நீளும் சாலையை
நான் பார்த்ததே இல்லை.
கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

மலைதான் சிக்கல்.
வழியில் ஒரு கணவாய், ஆயிரத்து நானூறு மீட்டர்.
நம் நாட்டின் உச்சியோ
நூற்று அறுபத்து மூன்று.
ஆகவே இரவு பதினொன்றுக்கு மேல்
புளோக்கை ஒட்டிய கார் நிறுத்தத்தில்
கீழிருந்து ஏழாம் தளம்வரை ஏறுகிறேன்,
இறங்கி
மறுபடி ஏழாம் தளம்வரை.
ஒரு ஏற்றம் இருபது மீட்டர்,
கணவாய்க்கு எழுபது ஏற்றம் என்று
கணக்குப் போட்டது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் தளத்தில்
டாக்சிக்குள் படுத்திருந்த கியாட்
கண்ணாடியை இறக்கி,
என்ன தேடுறீங்க, என்றார்.
மலை, என்றேன்.
ஆறாம் தளத்துல பாருங்க,
அங்கேதான் எப்பவும் காலியிடம், என்று
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சமையலறைத் தராசில் நிறுக்கிறோம்.
சட்டை நூற்று ஐம்பது கிராம்.
பற்தூரிகையின் காம்பை அறுத்தார்,
ஆறு கிராம் லாபம்.
நான் எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தலை வைத்தேன்,
முந்நூற்றுப் பத்து.
தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
எழுதிக்கொண்டார்.

தூங்கும் முன் மொழிப்பாடம்.
தண்ணீருக்கு மூன்று எழுத்து எழுதிவிட்டு
‘ஓ’ என்று மட்டும் சொல்கிறார்கள்.
நமக்கு அதற்கு ஒரே எழுத்து,
அடியில் ஒரு சுழி.
நாக்கு வறண்டால்
எந்த மொழியிலும் அதுதான் வருமோ என்னவோ.

ஊரில் கடை பூட்டியிருந்தால்
கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாமாம்.
பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்களாம்.
வழி நெடுகப் பென்சிலால்
சின்னச் சின்னச் சிலுவை போட்டார் ஜெரோம்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டாவது போடக் குனிந்தவர்
அப்படியே இருந்தார்.

சுவா சூ காங்கில் மாமனாருக்குப்
பதினைந்து ஆண்டுத் தவணை முடிகிறது.
எலும்புகளை எடுக்க ஒரு தேதி குறிக்கச் சொல்லி
வந்த கடிதம்
வரைபடத்துக்கு அடியில்தான் கிடக்கிறது,
ஏறத்தாழ லுவார் ஆற்றங்கரையில்.
காகிதம் அங்கே லேசாக மேடு தட்டியிருக்கிறது.
இருவரும் அதன்மேல்
கோடு போடாமல் சுற்றிப் போகிறோம்.

அட்டவணையில்
இருபத்து மூன்றாம் நாள் என்று ஒரு கட்டம் உண்டு.
அவருடைய கையெழுத்தில்
காலியாக இருக்கும் ஒரே கட்டம்.

நேற்று பதினேழாவது ஏற்றம்.
மேல்தளத்தில் நல்ல மழை.
எட்டிப் பார்த்தேன்.
குடையில்லாமல் கீழே நின்று
தலையை அண்ணாந்து கத்துகிறார்:
இன்னும் ஐம்பத்து மூன்று.