ஹேஸ், ஹேவ்

குறும்பனை கால்பந்து கமிட்டி
கலெக்டருக்கு இங்கிலீஷில் மனு எழுதியது.
எழுதியது நான்தான்.

கமிட்டி வரை டைப் செய்தாயிற்று.
அடுத்து ஹேஸ் வந்தால் ஒரே தலை,
ஹேவ் வந்தால் பதினொன்று.

ஹேஸ் போடுடே, நம்ம ஒண்ணுல்லா, என்றான் ததேயுஸ்.
கோல்போஸ்ட் பைசாக்கு கணக்கு வரட்டும்,
அதுவரை ஹேவ், என்றான் கிளீட்டஸ்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை.
மழை விட்டது, வள்ளம் கரையேறியது,
கமிட்டி முறைத்தது, சாயா குடித்தது.

பத்து மணிக்குமேல்
இறந்தகாலத்தில் எழுதினேன்: ரிக்வெஸ்டட்.
ஒருமை என்று ததேயுஸ் வாசிக்கலாம்,
பன்மை என்று கிளீட்டஸ்.

கீழே கையெழுத்துக்குப்
பதினோரு கோடு இழுத்துவைத்தேன்.

ஒன்பது நிரம்பின.