மணமில்லாத கை

தம்பிக்கு அப்பா இரண்டு பேர்.
டீசலும் புகையிலையும் மணக்கிறவர்
மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு இருட்டியபின் வருவார்.
ஓத்தார் ஓடிப்போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொள்வான்.
காலையில் வருகிறவருக்கு
மணமே கிடையாது.
மருத்துவமனையில் சொன்ன சோப்பில்
முழங்கைவரை கழுவி
குளியலறைக் கதவை அவர் திறக்கும்போதே
தம்பி மேசைக்கு அடியில் இருப்பான்.

பிறந்த ஏழாவது வாரம்
புரையோடு சேர்த்து
கண்ணுக்குள் இருந்த வில்லையையும் எடுத்துவிட்டார்கள்.
அதற்குப் பதிலாகத் தினமும் வெளியிலிருந்து ஒன்று,
கண்ணுக்கு ஒன்றாக இரண்டு.
சூரியகாந்தி விதையின் தோல்கூட
அதைவிடக் கனக்கும்.

அப்பா துண்டில் சுற்றிப் பிடிப்பார்.
அம்மா இமையைப் பிரிப்பாள்.
நான் பாட வேண்டும்.
நான்கு வருடமாக ஒரே பாட்டு.
பள்ளியில் யாராவது அதை முணுமுணுத்தால்
என் உள்ளங்கை வியர்த்துவிடும்.
என் கண்ணுக்கு ஒன்றுமில்லை,
அதனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள்.
குட்டாயிசி முழுக்க ஈரப்பனி.
சமையலறையில் பழைய சண்டை:
இது யார் வீட்டு ரத்தம்,
உன் சித்தப்பா ஏன் கறுப்புக் கண்ணாடியோடே செத்தார்,
என் அம்மாவை இழுக்காதே.
அந்தக் கோபத்தோடேயே வந்து பிடித்தார்கள்.
தம்பி உதைத்தான்.
இடது கண் வில்லை
சிவப்புக் கம்பளத்தில் எங்கேயோ போனது.

அப்பாவின் இரண்டு வார ஓட்டம் அது.

யாரும் கத்தவில்லை.
விளக்கையெல்லாம் போட்டுவிட்டு
நால்வரும் தரையில் தவழ்ந்தோம்.
அப்பா கையில் டார்ச்.
அம்மா கன்னத்தைக் கம்பளத்தில் வைத்து
ஏதாவது மினுங்குகிறதா என்று பார்த்தாள்.
ஓத்தார் இரண்டு கைகளாலும் தட்டித் தட்டி வந்தான்.
திடீரென்று கேட்டான்,
"அது எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்லையே."

அப்பா நிமிர்ந்தார், அம்மா திரும்பினாள்,
இருவர் தலையும் மோதிக்கொண்டன.
அம்மாதான் முதலில் சிரித்தாள்.
அப்பா அவள் நெற்றியைத் தேய்த்துவிட்டார்.
அந்தக் கையைக் கொஞ்ச நேரம்
எடுக்கவே இல்லை.

அப்போதுதான் பார்த்தேன்,
என் காலுறையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம்.
வாய் வரைக்கும் வந்தது.
மெல்ல எடுத்துக் கைக்குள் மூடி
காய்ந்துவிடக் கூடாதென்று
விரலிடுக்கில் மூச்சை ஊதிக்கொண்டே
சோபாவுக்கு அடியில் தேடுவதுபோல் தேடினேன்.

ஓத்தார் தவழ்ந்து வந்தான்.
மூடிய என் கையை முகர்ந்தான்.
அந்த உப்புத்தண்ணீர் வாசனை
அவனைவிட யாருக்குத் தெரியும்!
என் முகம் இருக்கும் திசையில்
கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு சத்தமாகச் சொன்னான்,
"இங்கே இல்லை. அந்தப் பக்கம் தேடலாம்."

வெளியே லிஃப்ட் பெட்டியில்
யாரோ காசு போட்டார்கள், டங்கென்று.
"விழுந்தது அதுவா?" என்றார் அப்பா.
"போங்க," என்றாள் அம்மா.
கம்பளத்தின் மறுமுனையிலிருந்து
திரும்ப ஆரம்பித்தார்கள்,
தோளோடு தோள் இடித்துக்கொண்டு.