மூன்றாவது வரி

பிப்ரவரி. வரையாடுகள் குட்டி போடுகிற மாதம்.
ராஜமலை கேட்டைப் பூட்டிவிட்டார்கள், டூரிஸ்ட் பஸ் இல்லை.
பலகையைக் கழற்ற வேண்டாம்
நின்ற இடத்திலேயே திருத்திவிடு என்றார் ரேஞ்சர் ஜோமோன்.
போடியிலிருந்து ஏணி, டர்பன்டைன், மூன்று பிரஷ்.
பனி வடிந்துகொண்டே இருக்கிறது, பெயின்ட் பிடிக்காது.
பதினொரு மணி வரை சும்மா நின்றோம்.

மேலே மலையாளத்தில் வரையாடு.
அதன் கீழ் தமிழில் வரையாடு.
அதற்கும் கீழே, சாய்த்துப் போட்ட இங்கிலீஷ் எழுத்தில்
ஹெமிட்ராகஸ் ஹைலோக்ரியஸ்.
ஆறு வருஷம் முன்னால் நான் எழுதியதுதான்,
எழுத்துக்கு எட்டு ரூபாய்.

கடைசி வரிதான் மாறியிருக்கிறது என்றாள்
ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் ஷீபா.
இமயமலையில் இதே மாதிரி ஒன்று உண்டாம்.
முகச்சாடை பார்த்து இரண்டையும்
ஒரே வீட்டில் சேர்த்திருந்தார்கள்.
இப்போது மரபணுவைப் பிரித்துப் பார்த்தால்
அது வெள்ளாட்டுக்குப் பங்காளி
இது செம்மறிக்கு.
பாறையில் நின்று நின்று
இரண்டுக்கும் ஒரே நடை வந்துவிட்டது, அவ்வளவே.

ஹெமி என்றால் பாதி. ட்ராகஸ், வெள்ளாட்டுக் கிடா.
நூறு வருஷத்துக்கு மேலாகப் பாதிக் கிடா.
ஹைலோக்ரியஸ்?
காட்டுச் செம்மறி.
செம்மறி சரி, காடுதான் தப்பு,
இது சோலைக்குள் தங்குவதே இல்லையே என்றார் ஜோமோன்.
இனிமேல் நீல்கிரிட்ராகஸ்.
நீலகிரி வெள்ளாடு!
இதுகள் கூட்டமாக நிற்பது இங்கே, ஆனைமுடியில்.
வெள்ளாடும் இல்லை என்று இப்போதுதானே சொன்னாய்?
ஷீபா சிரித்துவிட்டாள்.
முறைப்படி வைத்த பெயர்
பொருத்தமில்லை என்பதற்காக மாறாதாம்.
என் மச்சான் பெயர் குபேரன், வட்டி கட்டுகிறான் என்றேன்.

வால் ஆறு எழுத்து அப்படியே இருக்கட்டும்.
முன்னால் நாலைச் சுரண்டினேன்.
அந்த இடத்தில் ஏழு நிற்க வேண்டும்.
நெருக்கி, ஒல்லியாக்கி, பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போய்
முதல் எழுத்து பலகையின் ஓரத்தில்
ஒற்றைக் காலில் நின்றது.

மேல் இரண்டு வரியைப் பற்றி யாரும் பேசவில்லை.
வெள்ளாடும் ஆடு, செம்மறியும் ஆடு,
வரையில் நிற்பதால் வரையாடு.
எந்த லேபிலிருந்து எந்தச் சேதி வந்தாலும்
அந்த வரிக்கு வேலை இல்லை.
பெருமைக்குச் சொல்லவில்லை.
எங்கள் ஊர்க் கறிக்கடையிலும் இரண்டும் ஒரே மட்டன்தான்.
குருவி எச்சத்தை மட்டும் துணியால் துடைத்தேன்.

தலைக்கு மேலே விசில் மாதிரி ஒரு சத்தம்.
சரிவில் ஒரு தாய். பத்து நாள் குட்டி
பாதிப் பாறையில் பிரேக் போட்டு நின்று
எங்களைப் பார்த்தது, டர்பன்டைன் நெடிக்குத் தும்மியது.
மறுபடி விசில்.
ஒரே எட்டில் மேலே போய்விட்டது.

பில்லில் ஏழு எழுத்து என்று போட்டேன்.
சுரண்டிய நாலுக்கும் கூலி கேட்டேன்.
அழித்ததற்கெல்லாம் ஃபண்டு இல்லை என்றார் ஜோமோன்.