பதினெட்டு டிகிரி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள்.
நான் தேடியது பெயிண்ட் வாளி.
கொளத்தூரில் பாதி எழும்பி நின்ற அடுக்ககத்தில்
வாளி பத்து ரூபாய் என்று பதினாறு வாங்கி
ஆணியைச் சுட்டு அடியில் ஓட்டை போட்டேன்.

விதை, மளிகைக் கடை பாக்கெட்.
பொரிக்கத்தான் கொடுத்தார்கள்.
பாதியைப் புதைத்தேன்.
முளைக்குமா என்றாள் நவமணி.
வெடிக்கிற உயிர் முளைக்காதா.

நாலுக்கு நாலு, சதுரமாய் வைத்தேன்.
ஒற்றை வரிசையில் வைத்தால் காற்று
மகரந்தத்தை ரெட்டேரிக்குக் கொண்டுபோய்விடும்.
சதுரத்திலும் காற்றை முழுக்க நம்பவில்லை.
ராத்திரி டூட்டி முடிந்து வந்து
யூனிஃபார்ம் கழற்றாமல்
ஆண்பூவைப் பிடித்து உலுக்குவேன்.
தோளில் தைத்த கம்பெனிப் பெயரின் மேல்
மஞ்சள் தூள் படியும்.
கீழே மட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்
பட்டு இழைகள்.
தூள் விழுந்த இழைக்கு ஒரு மணி.
விழாத இழைக்கு
ஒரு பொக்கை.

கிளி வந்தது. பிறகு அணில்.
டூட்டி சாக்ஸ் பழசையெல்லாம் துவைத்து
கதிருக்கு ஒன்றாய் மாட்டிவிட்டேன்.
எட்டுப் பேர் தலைகீழா நிக்கிறாங்களே என்று
துணி உலர்த்த வந்த ஹவுஸ் ஓனர் பர்வீன்
படிக்கட்டு வரை சிரித்துக்கொண்டே போனார்.

சாதாரணச் சோளமென்றால்
பாலேறிய அன்றே சுட்டுத் தின்றிருப்போம்.
இதற்குக் காத்திருக்க வேண்டும்,
மட்டை வெளுத்து
மணியில் நகம் இறங்காமல் போகிறவரை.
நூறு நாள்.
ஆடியோடு நூறைக் கூட்டினால்
ஐப்பசி என்று
ஒரு பழமொழியும் எனக்குச் சொல்லவில்லை.

நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்றது டிவி.
என் மாடியில் அளக்க
வாளி ஒன்றும் காலியாக இல்லை.

நனைந்துகொண்டே ஒடித்தேன்.
அறைக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டேன்.
சுவர் வியர்த்தது.
தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழிந்தது.
டப்பாவில் உப்பு கரைந்து அழுதது.
நாலாம் நாள் ஒரு கதிரில்
சாம்பல் நிறப் பூஞ்சணம்.
மிச்சம் பதினைந்து.

அன்றிரவு டூட்டியில்
வெடித்த உதட்டை நாக்கால் தடவும்போது உறைத்தது:
ஊரே ஊறிக் கிடக்க
மழை தெரியாத ஓர் அறை இருக்கிறது,
அதில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.
ஏடிஎம்.
பதினெட்டில் வைத்த ஏசி
விடிய விடிய ஓடும்,
மெஷினுக்காக.

மறுநாள் சாப்பாட்டுப் பையில் கதிர்கள் வந்தன.
பழுதாகிப் போன இரண்டாவது மெஷினுக்குப் பின்னால்
கயிற்றில் ஏறின.
உள்ளே வருகிறவர்களிடம்
குடையை வெளியே உதறுங்க என்று கறாராய்ச் சொன்னேன்.
பேங்க் விதி என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் இரவு
கேமராவில் பார்த்து போன் செய்தார்
சூப்பர்வைசர் துரைக்கண்ணு.
என்னய்யா தொங்குது?
சோளம் சார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
கேமராவ மறைக்காம தொங்கவுடு.

ஞாயிறுதோறும் மூன்று மணி, சோதனை.
முதல் வாரம் சீறின,
தோலைக் கிழித்துக்கொண்டு நின்றுவிட்டன.
மென்றால் ரப்பர்.
அடுத்த வாரம் ஒன்று மட்டும்
அரைமனதாய்ப் பூத்தது.
அதற்கப்புறம் வேறு பயம்.
ரொம்பக் காய்ந்தாலும் வெடிக்காது;
நடுவில் ஒரு துளி ஈரம் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும்,
வெளியே வர வழி தெரியாமல்.
ஏசிக்கு இதை யார் சொல்வது?

கார்த்திகை தீபத்தன்று
எல்லார் வீட்டிலும் நெற்பொரி.
நவமணி மூன்று மணியை எண்ணெயில் விட்டாள்.
டப்.
டப்.
மூன்றாவது தட்டை இடித்தது.
பிறகு அவள் என்னைக் கேட்கவே இல்லை,
கதிர்களை உதிர்த்துக் கொட்டினாள்.
பதினாறு வாளி, நாலு மாசம்,
ஒரு பெரிய குண்டான்.
பர்வீன் வீட்டுக்கு ஒரு கிண்ணம்.
அடியில் தங்கிய வெடிக்காத மணிகளை
நானே கடித்துத் தீர்த்தேன்.

மிஞ்சியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
டூட்டிக்குப் போனேன்.
ராத்திரி மூன்றுக்கு ஒருவர் ஓடி வந்தார்,
நனைந்த ஹெல்மெட்டோடு.
பணம் இல்லை என்றது மெஷின்.
நின்றுகொண்டே இருந்தார்.
ஒரு பிடி நீட்டினேன்.
வாயில் போட்டு, மென்று,
உப்பு போடலையா என்றார்.

உப்பு இன்னும் காயல சார்.