ஐம்பதுக்குப் பக்கத்தில்

புத்தாண்டுக்கு மறுநாள். கொழும்பு காலி.
பேலியகொடையில் ஒரு தொழிற்சாலையும் மூச்சு விடவில்லை.
வெயிலுக்கு மட்டும் விடுமுறை கிடையாது.
தெமட்டகொடை தொடங்கி தெஹிவளை வரை
கூரைகள், கேட்பாரில்லாத மின்சாரத்தைக்
கொட்டிக்கொண்டிருக்கின்றன.

என் திரையில் ஐம்பது புள்ளி மூன்று.
ஐம்பது என்பது உப்பு மாதிரி:
கூடினாலும் குறைந்தாலும்
சமைத்தவள் தலையில்தான் விடியும்.

மலையை அழைத்தேன்.
மூன்றாம் எண் சுழலியை இறக்க வேண்டும்.

அதன் பித்தளைத் தகட்டில் இருக்கும் தேதி
நான் பிறப்பதற்கு இருபத்தேழு வருடம் முந்தியது.
செய்தவர்கள் அதனிடம் கேட்டது ஒன்றே:
முழுச் சுமை, நிற்காதே.
நான் கேட்பது வேறு.
எழும்பு. படு. பாதி எழும்பு.
மேகம் வருகிறது, ஓடு.
மேகம் போய்விட்டது, அடங்கு.
இந்த வேலைக்குச் சம்மதித்து அது வரவில்லை.

போன வருடம் அதன் சக்கரம்
லொறியேறிக் கொழும்புக்கு வந்தது.
கிராண்ட்பாஸ் பட்டறையில், இரண்டு மீன் லொறிகளுக்கு நடுவே,
நிஸ்தார் நானா தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்.
அலகுகளின் முதுகெல்லாம்
வண்டரித்த உளுந்து போலக் குழிகள்.
"தண்ணி கடிச்சதா மிஸ் இது?"
தண்ணி இல்லை நானா,
தண்ணிக்குள் பிறந்து
அந்தக் கணமே வெடித்துச் சாகிற குமிழி.
அவர் நம்பவில்லை. விரலை விட்டுப் பார்த்தார்.
முதல் கணு வரை போனது.

பதினேழு வாரம்.
குழி குழியாக எஃகை உருக்கி ஊற்றி,
அரம் போட்டு,
விளக்கைச் சாய்த்து நிழலைப் பார்த்து,
திரும்பவும் அரம்.
நோன்பு மாதத்தில்
ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல்
தண்ணீருக்கான வளைவைச் செதுக்கினார்.

பழைய கவர்னரின் இரும்புக் குண்டுகள் இரண்டும் இப்போது
ஜெபநேசனின் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கின்றன.
அவை இருந்த இடத்தில்
சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

அந்த இயந்திரத்துக்கு நடுவில் ஒரு கெட்ட இடம் உண்டு.
நாற்பது சதவீதத்துக்கும் அறுபதுக்கும் இடையே
வெளியேறும் நீர் கயிறாய் முறுகிக்
குழாயை உள்ளிருந்து அடிக்கும்.
முன்பெல்லாம் அங்கே நிற்க மாட்டோம்.
சுடுகாட்டைக் கடக்கும் சைக்கிள்காரன் போல
மிதித்துத் தாண்டிவிடுவோம்.
இப்போது அந்தக் கயிற்றின் நடுவே காற்றை ஊதுகிறோம்.
வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ஐம்பது சதவீதத்தில் வைத்திருங்கள்."
போனில் ஜெபநேசன் பேசவில்லை.
"கேட்குதா?"
"கேட்கல்ல மிஸ். அதுதான் பயமா இருக்கு."

இருபத்திரண்டு வருடம் அந்த உறுமலுக்கு மேலே
கத்திக் கத்தியே பேசியவர்.
மனைவியிடமும் அப்படித்தான் பேசுவாராம்.
சுழலியின் மூடிமேல் பிளேன்டீ கிளாஸை வைத்தார்.
முன்பானால் அது நடந்து போய் விழுந்திருக்கும்.
இன்று விளிம்பில் சின்னதாய் ஒரு வளையம், அவ்வளவுதான்.
"குடிக்கலாமா?" என்றார்,
ஏதோ என்னிடம் அனுமதி வேண்டும் என்பது போல.

பன்னிரண்டு நாற்பத்தேழு.
கிருலப்பனைக்கு மேல் ஒரு மேகம்,
பின்னால் அதன் கூட்டம்.
கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன.
ஐம்பது.
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.
ஏழு.

மலையில் எஃகு இதழ்கள் விரிந்திருக்க வேண்டும்;
எண் தயங்கி, திரும்பி, ஏறியது.
வெள்ளவத்தையில் ஏதோ ஒரு லிஃப்ட்
யாரையோ எந்த மாடிக்கோ
ஏற்றிக்கொண்டே இருந்திருக்கும்.
உள்ளே இருந்தவர்
கண்ணாடியில் தலை வாரியிருப்பார்.

பதிவேட்டில் எழுதினேன்: சம்பவம் இல்லை.
அதற்குக் கீழே, அங்கே எழுதக் கூடாதுதான்,
நிஸ்தார் நானாவுக்கு மீதிப் பணம்,
மூன்றாவது நினைவூட்டல்.
பேனாவை மூடவில்லை.
கடல் பக்கமிருந்து இன்னொரு மேகம்,
இது கொஞ்சம் பெரியது.